கழித்தல் குறி

ஈசூன் நீச்சல் குளத்தில்
விடிவதற்கு முன் முதலில் இறங்குவது
என் கண்ணாடிக் குழாய்.
பத்து மில்லி நீர். ஒரு வெள்ளை மாத்திரை.
மூடி, குலுக்கி, விளக்குக்கு நேரே பிடிக்கிறேன்.
இளஞ்சிவப்பு ஏறினால் கதவைத் திறக்கலாம்.

குளோரினின் நிறம் அது என்றுதான்
மூன்று வருடம் நம்பியிருந்தேன்.
இல்லை.
மாத்திரையின் மூலக்கூறு
ஓர் எலக்ட்ரானைப் பறிகொடுத்து நிற்கும் நிறம்.
எடுத்தது நிறமில்லாமல் நழுவிவிட்டது.
இழந்ததுதான் சிவந்து காட்டுகிறது.

உப்பீனி என்று தமிழில் பெயர்.
உப்பை ஈனுவது.
மகப்பேறு வார்டின் வாடை அடிக்கிற பெயர்.
கிடங்கில் நீல டிரம்மைத் திறந்தாலும்
அதே வாடைதான்.

வெளிக்கூட்டில் ஏழு.
உணவங்காடியின் வட்ட மேசையை நினைத்துக்கொள்ளுங்கள்:
எட்டு முக்காலி, ஏழு பேர்,
எட்டாவதன் மேல் ஒரு டிஷ்யூ பொட்டலம்.
வரப்போவது யாரென்று தெரியாது,
இடம் மட்டும் பிடித்தாயிற்று.
அந்தப் பக்கம் சோடியம் வருகிறது,
கூட்டிவந்த ஒற்றை ஆளை
எங்கே இறக்கிவிடுவது என்ற கவலையோடு.
நீரில் ஆக்சிஜனின் கையைப் பிடித்துக்கொண்டால்
குளோரின் ஒன்று போதாது, இரண்டு என்று கேட்கும்.
அது வேறு கதை.

ஃபுளோரினுக்கு இழுக்கிற கை வலுவானது,
வீடுதான் ஓரறை வீடு.
ஏழு பேர் முழங்கை இடித்துக்கொண்டிருக்க
வருகிறவர் செருப்பைக் கழற்ற இடமில்லை.
ஆள் வந்து சேர்ந்ததும்
குளோரின் விடுகிற அந்தப் பெருமூச்சு
அதற்கு வாய்ப்பதில்லை.
அயோடினோ பெரிய கட்டடம்.
பதினான்காம் மாடியில் அம்மா கூப்பிடுவது
கீழ்த்தளத்தில் பந்து உதைக்கும் பிள்ளைக்குப்
பாதிதான் கேட்கும்.
ஆனாலும் முதலுதவிப் பெட்டியில் இருப்பது அதுதான்.
நேற்று முழங்கால் தேய்ந்த பையனுக்குத் தடவினேன்.
பழுப்பு வெளுக்க வெளுக்க
அதற்கும் ஒவ்வொன்றாய்க்
கிடைத்துக்கொண்டிருக்கிறது.

எனக்குக் கோபம் கணக்கின் மேல்.
ஒன்றைப் பெற்றதும் உடம்பு
ஏறக்குறைய இரு மடங்கு பருத்துவிடுகிறது.
தோளில் மட்டும் கழித்தல் குறி.
கொடுத்தவனுக்குக் கூட்டல்.
சம்பளம் விழுந்த அன்றே
கழித்தல் காட்டும் என் வங்கிக் கணக்கு
இவர்களிடம்தான் படித்திருக்கவேண்டும்.

இன்று காலை குழாயில் நிறம் வரவில்லை.
இன்னொரு மாத்திரை.
இன்னொன்று.
வெறும் தண்ணீர்.
நேற்று பள்ளி விடுமுறை. முந்நூறு பிள்ளைகள்,
வியர்வை, சன் கிரீம்,
யாரும் ஒத்துக்கொள்ளாத இன்னொன்றும்.
இரவில் மருந்து பம்ப் நின்றதை
ஒருவரும் பார்க்கவில்லை.
ஹஸ்லிண்டா குறுக்கே கயிறு கட்டிவிட்டு
டிரம்மை உருட்டப் போனாள்.

திரு. கோ அதற்குள் உள்ளே வந்துவிட்டார்,
எழுபத்திரண்டு வயது,
நீச்சல் கண்ணாடி நெற்றியில்.
குளோரின் தீர்ந்துபோச்சா?

தீரவில்லை என்று சொல்ல நினைத்தேன்.
ஊற்றியதெல்லாம் அநேகமாக இதற்குள்தான் இருக்கிறது.
எல்லாவற்றுக்கும் கிடைத்துவிட்டது.
நிறைந்துவிட்டது.
இனி அது எதையும் கொல்லாது,
எதையும் காக்கவும் காக்காது.
என் அரைகுறை மாண்டரினில்
தீர்ந்ததற்கும் நிறைந்ததற்கும்
ஒரே சொல்தான் இருந்தது.
அதைச் சொன்னேன்.

அவர் தலையாட்டிவிட்டு
கயிற்றுக்கு இந்தப் பக்கம் குந்தி
விரலை நனைத்து நாக்கில் வைத்தார்.
முகத்தைச் சுளித்தார்.

லேசா உப்பு.

நான் வாளியைத் தூக்கினேன்.